முனி தள்ளாத சைக்கிள்

மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்த ஒரு வரியை மட்டும் உன் அம்மா படித்துப் பார்த்துச் சரி என்றாள். இதற்குக் கீழே வருவதைப் படிக்கமாட்டாளாம். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து நீ பேசியபோது மூன்று விஷயம் சொன்னாய். பாப்பா சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் தையல் போட்டிருக்கிறது என்றாய். அது உன்னால்தான் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் குத்தம் இன்னும் தீரலப்பா. அன்னைக்கு நான் எறங்காம போனது இன்னைக்குப் புள்ளையப் புடிச்சிருக்கு. சித்திரைக்கு வர்றப்ப முனிக்கு ஒரு கெடா வெட்டிருவோம். பூசாரிகிட்ட சொல்லி வைங்க" என்றாய். நான் "சரி" என்றேன். எனக்குச் சரி என்று சொல்ல எப்போதும் அதிக நேரம் எடுப்பதில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் பாப்பாவின் சத்தம் கேட்டது: "நான் ஒண்ணும் செய்யலப்பா, சைக்கிள்தான் ஒரு பக்கமாப் போகுது." நீ போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "சைக்கிள் அதுவாப் போகுமா? நீதான் ஒழுங்காப் புடிக்கல" என்றாய். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்கங்கப்பா, நடுவுல பேசிட்டேன்" என்றாய்.

பாப்பாவிடம் நீ சொன்னது என்னுடைய வாக்கியம். எழுத்து மாறாமல் என்னுடையது. உனக்குப் பதினைந்து வயதில் நான் உனக்குச் சொன்னதை நீ ஒன்பது வயதுக்காரிக்குச் சொல்கிறாய். இந்த வேகத்தில் போனால் அவள் தன் பிள்ளைக்கு நாலு வயதிலேயே சொல்லிவிடுவாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை மழையைப் பற்றிப் பேசினேன், ஒரு தடவை தேங்காய் விலையைப் பற்றி.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து பசறைக்கு நாலு மைல்கட்டை தூரம், முழுக்க இறக்கம். போகும்போது சைக்கிள் நம்மைச் சுமக்கும், வரும்போது நாம் சைக்கிளைச் சுமப்போம். இடையில் ஆலமரத்தடியில் முனிக் கல். அதைத் தாண்டியதும் ஒரு வளைவு, வளைவில் ஒரு மதகு. சைக்கிளில் வருகிறவர்கள் கல்லுக்கு முன்னால் இறங்கி, நாலடி தள்ளிக்கொண்டு போய், பிறகுதான் ஏறுவார்கள். லொறிக்காரர்கள் இறங்கமாட்டார்கள், ஹோர்ன் அடித்துக் கும்பிடுவார்கள். நீ ஒருநாள் இறங்காமல் போனாய், முனி உன்னைத் தள்ளிவிட்டார், மதகில் மோதி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். தோட்டமே இப்படித்தான் சொல்கிறது. இப்போது நீயும் இப்படித்தான் சொல்கிறாய்.

ஆனால் விழுந்த அன்று நீ அப்படிச் சொல்லவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "எறங்கித்தான்பா வந்தேன். தள்ளிக்கிட்டு வந்துதான் ஏறினேன். வளைவுல சைக்கிள் இடது பக்கம் இழுத்துருச்சு" என்றாய். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த வளைவில் உனக்கு முன்பே ஒருவர் விழுந்திருந்தார். அது நான்.

நீ விழுவதற்கு நாலைந்து மாதம் முன்பு. அப்போது நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, பத்திரிகைக்கு நையாண்டிக் கட்டுரைகளும் எழுதிக்கொண்டிருந்தேன். முனி சைக்கிள்காரனிடம் மட்டும்தான் மரியாதை எதிர்பார்ப்பாரா, பஸ்காரனிடம் எதிர்பார்க்கமாட்டாரா என்று ஒரு கட்டுரை அந்தக் கிழமைதான் வந்திருந்தது. எழுதியதை நடத்திக் காட்டாவிட்டால் எழுத்தாளன் எதற்கு? அன்று பசறைக்குப் போகும்போது மேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிற்கிறார்கள் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முனிக்கு முன்னால் இறங்காமல் மிதித்தேன். அவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மலை வெறுமையாக இருந்தது. எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போய்விட்டிருந்தார்கள். என் புரட்சியை ஒருவரும் பார்க்கவில்லை என்கிற வருத்தம் முடிவதற்குள் மதகு வந்துவிட்டது.

எழுந்ததும் முதல் காரியமாக மறுபடியும் மேட்டைப் பார்த்தேன். இப்போது ஒருவரும் இல்லாதது பெரிய நிம்மதி. முழங்கால் கிழிந்திருந்தது. கோணிப்போன ஹேண்டிலை, முன் சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துத் திருப்பி நேராக்கினேன். பார்வைக்கு நேராகிவிட்டது. விழுந்தேன் என்று சொன்னால் முனி மாஸ்டரை அடித்துவிட்டார் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சிரிப்பார்கள். ஆகவே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "எங்க விழுந்தீங்க?" என்றாள். "செருப்பு வழுக்கிருச்சு." அவள் காற்சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்காலில் ஒட்டியிருந்தது மதகின் சுண்ணாம்பு. அதைத் துவைத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து சைக்கிள் இடது பக்கம் இழுத்தது. லேசாகத்தான். நான் வலது பக்கம் லேசாகச் சாய்ந்து ஓட்டினேன். ஒரு மாதத்தில் சாய்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. உடம்பு பொய்க்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. பிறகு நீ பசறைப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியதும் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு சின்னப் பேச்சும் பேசி உன்னிடம் கொடுத்தேன். பேச்சு நினைவிருக்கிறதா? பொறுப்பைப் பற்றியது.

இழுக்கிறது என்று நீ மூன்று தடவை சொன்னாய். முதல் தடவை நான் கேட்காததுபோல் இருந்தேன். இரண்டாம் தடவைதான் அந்த வாக்கியம்: சைக்கிள் அதுவாப் போகுமா, நீதான் ஒழுங்காப் புடிக்கல. மூன்றாம் தடவை நீ கேட்டபோது வீட்டில் என்னோடு வேலை செய்த இரண்டு ஆசிரியர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நீளும். "வண்டி நேராத்தான் இருக்கு, ஓட்டுறவன்தான் கோணல்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்ததால் அதை எழுதினேன். எழுதியதால் அச்சில் வந்தது. 'என் மகனும் ஒரு மிதிவண்டியும்' என்று தலைப்பு. இப்போது நான் சொல்லப்போவது உனக்கு நினைவிருக்காது என்று நம்புகிறேன். நீ அந்தக் கட்டுரையைக் கத்தரித்து உன் விஞ்ஞானக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாய். அப்பா உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று கூடப்படித்தவர்களிடம் காட்டினாய். நான் எழுதியவற்றிலேயே ஒருவர் பத்திரப்படுத்தி வைத்த ஒரே கட்டுரை அதுதான்.

நீ விழுந்த அன்று மாலையே பூசாரி வீட்டுக்கு வந்துவிட்டார். "புள்ள எறங்காமப் போயிருக்கு மாஸ்டர். முனி லேசாத் தட்டிருக்காரு. லேசாத்தான். வெள்ளிக்கிழமை ஒரு பூசை போட்டுப் புள்ளைய மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, சரியாயிரும்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவரோடு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன், அடுத்த கிழமைக்குக் கட்டுரையும் கிடைத்திருக்கும். அன்று "சரி" என்றேன். சைக்கிளின் மேல் தப்பு என்றால் அடுத்த கேள்வி, அது எப்படிக் கோணியது என்பது. முனியின் மேல் போட்டால் அடுத்த கேள்வியே கிடையாது.

எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன். புதன்கிழமை சைக்கிளைப் பசறையில் சைக்கிள் திருத்தும் நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினார். பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். பிறகு முன் சக்கரத்தைக் கழற்றி, வலதை இடதாகத் திருப்பிப் போட்டார். சக்கரம் மறுபடியும், அதைக் கவ்விப் பிடிக்கும் போர்க்கின் இடது காலைத்தான் ஒட்டி நின்றது. "வீல்ல ஒண்ணுமில்ல மாஸ்டர். போர்க்கு கோணிருக்கு" என்றார். "மகன் விழுந்ததில் கோணியிருக்கும்" என்றேன். அவர் குனிந்து நகத்தால் சுரண்டினார். "இல்ல மாஸ்டர். இங்க பெயின்ட் வெடிச்ச எடத்துல துரு பாருங்க. புள்ள விழுந்தது திங்கக்கிழமைதானே? ரெண்டு நாள்ல இப்படித் துரு வராது. இது பழைய அடி. யாரோ மோதிட்டு சொல்லாம வச்சிருக்காங்க." நான் "அப்படியா" என்றேன். தமிழில் எனக்கு எவ்வளவோ சொற்கள் தெரியும்.

புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு வியாழக்கிழமை முழுதாக இருந்தது. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை உன்னைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இடது கையில் கட்டு, வலது கையில் எலுமிச்சம்பழம். லயத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "எறங்காமப் போனது தப்புன்னு மூணு தடவ சொல்லு தம்பி" என்றார் பூசாரி. நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய். நான் தேங்காயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும், மிகவும் கவனமாக. நீ சொன்னாய். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாம் தடவை அழுகையோடு வந்தது. மூன்றாம் தடவை தெளிவாக, நன்றாகச் சொன்னாய். அந்த மூன்றாம் தடவையில்தான் நீ அதை நம்பத் தொடங்கினாய் என்று இப்போது நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் எறங்காம போனது" என்று நீ சொன்னபோது உன் குரலில் சந்தேகமே இல்லை. நீ செய்யாத ஒன்று உனக்கு நினைவாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நீ சைக்கிள் ஏறவில்லை. நாலு கட்டையும் நடந்தாய், நடந்து வந்தாய். ஆனால் எனக்கு இப்போது உறுத்துவது சைக்கிள் இல்லை. உன் காலை யார் மிதித்தாலும் நீதான் மன்னிப்புக் கேட்பாய். ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரன் உப்பைக் கூட்டிவிட்டதற்குப் பந்தி பந்தியாகப் போய் நீ மன்னிப்புக் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "என்ன பணிவான பிள்ளை" என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

இனி பாப்பாவின் சைக்கிளுக்கு வருகிறேன். அது யாரிடமோ வாங்கிய பழைய சைக்கிள் என்று சொன்னாய். பழைய சைக்கிளுக்கு நமக்குத் தெரியாத ஒரு சரித்திரம் இருக்கும், விற்றவர் அதை எழுதிக் கொடுப்பதில்லை. நீ இதைத் தனியாகச் செய்யாதே, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பு. நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் அது தடுக்கி நின்றால், ஹேண்டிலின் கழுத்துக்குள் உருளும் இரும்புக் குண்டுகள் தாம் இருக்கும் கிண்ணத்தைத் தின்றுவிட்டன என்று அர்த்தம். அப்படிப்பட்ட சைக்கிள் நேர்கோட்டில் நிற்காது, பாம்புபோல் நெளியும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டு. கழுத்தில் 'டொக் டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். கழுத்து கனமாகத் திரும்பினால் யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் சின்ன வியாதி.

ஆனால் அவள் சொல்வது நெளிகிறது என்று இல்லை, ஒரு பக்கமாகப் போகிறது என்று. பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தில் சொற்களைச் சரியாகத்தான் சொல்வார்கள். நீயும் அன்று 'ஆடுகிறது' என்று சொல்லவில்லை, 'இழுக்கிறது' என்றாய். ஆகவே முன்னால் குந்தியிருந்து, சக்கரம் போர்க்கின் எந்தக் காலை ஒட்டி நிற்கிறது என்று பார். சக்கரத்தைக் கழற்றி, வலது இடதாகத் திருப்பிப் போட்டு, அச்சு இரண்டு பக்கமும் நன்றாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கு. இப்போது சக்கரம் மற்றக் காலை ஒட்டினால் கோட்டம் சக்கரத்தில், கம்பிகளை இறுக்கித் தளர்த்திச் சரியாக்கலாம். எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே காலைத்தான் ஒட்டுகிறது என்றால் கோட்டம் போர்க்கில். அதைச் சுத்தியலால் தட்டி நேராக்கித் தருகிறேன் என்பவனிடம் கொடுக்காதே, மாற்று. எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், அவளை இறக்கிவிட்டு நீ ஏறி ஓட்டிப் பார். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். இழுக்கிறது என்று நீ சொன்னபோது நான் செய்யாமல் விட்டது இந்த வேலையைத்தான். கொழும்பு தட்டையான ஊர், விழுந்தாலும் மதகு வராது.

நேற்றுக் காலை முனிக் கல்லுக்குப் போனேன். பூசாரிக்கு இப்போது கண் மங்கல், மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். சொல்லி வைத்த கெடா வேண்டாம் என்றேன். "ஏங்க, தம்பி மனசு மாறிட்டாரா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மதகு, துரு, தேங்காய் எல்லாம். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப தம்பி எறங்கித்தான் போயிருக்காரு."

"ஆமா."

"நீங்க சாமி இல்லைன்னு எழுதுனீங்க மாஸ்டர். அதுக்கு நான் ஒருநாளும் கோவிச்சுக்கல. ஆனா இல்லாத சாமி மேல கொண்டுபோய்ப் பழியப் போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு வெளங்கல."

இவ்வளவு காலம் நையாண்டி எழுதியும் இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. மலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். ஒருத்தி, நம் பழைய லயத்து ஆள், "எனக்குத் தெரியுங்க. நான் அன்னைக்கு மேல நின்னேன். தம்பி தள்ளிக்கிட்டுத்தான் வந்தாரு" என்றாள். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பெத்தவரே தேங்காயப் புடிச்சிக்கிட்டு நிக்கிறப்ப நான் யாருங்க?" என்றாள். மற்றவள் அவளைக் கிள்ளி, "வாடி, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள். இரண்டு பேரும் போனார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் அப்போது பயந்தது இதற்குத்தான். பார்த்தால் அரை நாள் வேலை.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி பத்திரிகைக்கும் போகிறது. உன் பெயர் அதில் இல்லை. ஓட்டுகிறவன்தான் கோணல் என்பதை அச்சுப் போட்டவர்கள், அது யார் என்பதையும் போடட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கூச்சத்தால் இல்லை, அது நேற்றோடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நான் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே, "ஐயோ, நீங்க எதுக்குப்பா, என் மேலயும் தப்பிருக்கு" என்று ஆரம்பிப்பாய். உன் மேல் இல்லை. அந்த வளைவில் உன் தப்பு என்று ஒரு துளிகூட இல்லை. அதனால் இதைப் படித்ததும் போன் எடுக்காதே. முதலில் பாப்பாவிடம் போய், அவள் சொன்னதைச் சரியாகத்தான் சொன்னாள் என்று சொல். பிறகு சும்மா உட்கார்ந்திரு. உனக்குக் கோபம் வரும். பழக்கமில்லாததால் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். அது யார் மேல் என்று தேட வேண்டாம், நான் இங்கேதான் இருக்கிறேன். சித்திரைக்கு வா. வருகிறபோது கோபத்தோடு வா. நான் தெமோதரை ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். நீ என்னோடு பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தால், நான் பின்னாலேயே வருகிறேன்.

அப்பா